பிஸ்கட் டின்னை மூடுகிறவள்

மழை தகரத்தில் விழத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பிஸ்கட் டின்னின் மூடி அழுந்துகிற சத்தம் கேட்கிறது. அதை நேரில் கேட்டு வருடங்கள் ஆகிவிட்டன. அந்த டின்னை வைத்திருந்தவள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. போன மழைக்காலத்துக்குப் பிறகுதான் இப்படி. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு மகளுக்குப் போன் எடுப்பேன். அவள் எடுத்து ‘அம்மா’ என்று சொல்லும்வரை வேறு எதையும் தொட மாட்டேன்.

எங்கள் தெருவில் அவளை எல்லோரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, கம்பஸ் போய்ப் பட்டம் வாங்கி வந்தவள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. சேலை கட்டினாலும் காலில் கன்வஸ் சப்பாத்து. மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். பதுளை பஜாரில் கடை வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்களுக்குத் தொழில் பழக்கவென்று ஒரு நிறுவனம் அவளை அனுப்பியிருந்தது. மருந்துக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வகுப்பு.

என் கணவர்தான் போக வேண்டியவர். “தோட்டத்துப் புள்ள வந்து எனக்கு யாவாரம் சொல்லித் தரப்போகுதா? நீ படிச்சவ. நீ போ,” என்று என்னை அனுப்பிவிட்டார். நான் உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அரிசி, பருப்பு மொத்த வியாபாரத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். மகள் தர்ஷினி அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வகுப்பு என்று சொன்னாலும் அவள் நடத்தியது ஒரு விளையாட்டு. நான்கு மேசைகள். ஒவ்வொரு மேசையும் ஒரு கம்பெனி. வெலிமடையில் மரக்கறி வாங்கி லொறியில் வெளியூர்ச் சந்தைக்கு அனுப்புவதுதான் எங்கள் தொழில். எத்தனை லொறி, எந்தச் சந்தை, எந்தப் பாதை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அவள் மேசையில் திறந்திருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். பக்கத்தில் ஒரு அலாரக் கடிகாரம் ஓடும். அது அடித்ததும் மூடியை உள்ளங்கையால் அழுத்திவிடுவாள். டப். அதற்குப் பிறகு யார் கெஞ்சினாலும் திறக்க மாட்டாள். அதன்பிறகு ஒரு துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுப்பாள். மழை என்று வரும், பாதை மூடியிருக்கிறது என்று வரும், கொழும்பில் விலை ஏறிவிட்டது என்று வரும். அதை வைத்து யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்று கரும்பலகையில் எழுதுவாள்.

முதல் நாள் நடந்ததைச் சொல்வதற்கு எங்கள் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் தம்புள்ளை லொறி வந்து வெங்காயம் இறங்கிவிட்டாலும், தெருமுனைக் கடையில் விலை சொல்லும்வரை வேறு எந்தக் கடையும் வாய் திறக்காது. வாங்க வந்தவர் கேட்டால், “இருங்க, ஒரு பிளேன்டீ குடிங்க,” என்று உட்காரவைப்போம். முனைக் கடை விலை சொன்னதும் எல்லோருக்கும் அதே விலை. யாரும் எழுதிவைத்த சட்டமல்ல இது. தப்பாகிப்போனாலும் எல்லோருக்கும் சேர்ந்து தப்பாகும் என்பதில் ஒரு தைரியம்.

அன்றைக்கு நான்கு மேசைக்காரர்களும் காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“யாராச்சும் மொதல்ல போடுங்கப்பா,” என்றார் எண்ணெய்க்கடை முதலாளி.

“நீங்க பெரியவரு, நீங்க போடுங்க,” என்றார் பேக்கரிக்காரர்.

அலாரம் அடித்தது. டப். டின்னுக்குள் ஒரு காகிதமும் இல்லை.

“நாலு கம்பெனி மரக்கறியும் வெலிமடையிலயே அழுகிப்போச்சு,” என்றாள் அவள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “யாருக்காக நின்னீங்க?”

“அவருக்காக நான் நின்னேன், எனக்காக அவரு நின்னாரு,” என்றார் எண்ணெய்க்கடை முதலாளி. மறுபடியும் சிரிப்பு. அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. யாரோ ஒருவரை அந்த முகங்களுக்குள் தேடுவதுபோல் பார்த்தாள். அன்றைக்குத்தான் எனக்கு அவளிடம் முதலில் பயம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை எங்கள் மேசையில் ஒரு கட்டு மஞ்சள் உறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தகவல்: போன வாரச் சந்தை விலை, மழை நிலவரம், பாதை நிலவரம், டீசல், எந்த ஊரில் என்ன திருவிழா. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வரிசையாக அடுக்கினேன். ஒன்று கொழும்புக்கு அனுப்பு என்றது. அடுத்தது வேண்டாம் என்றது.

“அம்மா, நேரம்,” என்றாள் தர்ஷினி.

“இரு, இன்னும் ஒண்ணு பிரிக்கல.”

“அதப் பிரிச்சு என்ன செய்யப்போறீங்க? இதுவே போதும்.”

“தெரியாம எழுத முடியுமா? இரு.”

டப். நான் உறை கிழித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எங்கள் கம்பெனி இரண்டாம் முறையும் அழுகிப்போனது.

எண்ணெய்க்கடை முதலாளியின் மேசைக்கு ஓர் உறைகூடக் கொடுக்கப்படவில்லை. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “எல்லா லொறியையும் கொழும்புக்கு ஏத்து. முருகா!” என்று எழுதிப் போட்டார். துணிப்பையிலிருந்து வந்த சீட்டில் கொழும்பில் விலை ஏற்றம் என்று இருந்தது. அவருக்கு இலாபமோ இலாபம். எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக்கொண்டு பரிசை வாங்கத் தயாரானார். ஜெயிக்கிற மேசைக்கு ஒரு பெரிய பக்கெட் கிரீம் பிஸ்கட் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

அவள் அதைத் தூக்கிப் பேக்கரிக்காரரின் மேசையில் வைத்தாள்.

“என்னா மிஸ் இது? ஜெயிச்சவனுக்கு வெறுங்கையா?”

“ஐயா, லொறிய ஏத்துறப்ப ஒங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சு?”

“ஒண்ணும் தெரியாது. முருகன் இருக்கான்.”

“அப்ப ஜெயிச்சது முருகன். வேணும்னா அவருக்கு ஒரு பக்கெட் வாங்கி வைக்கிறேன்.”

தெருவே அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தது. முதலாளி மட்டும் அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

அவள் செய்திருந்தது என்ன என்று அன்று வகுப்பு முடிகிறபோது சொன்னாள். எங்கள் மேசைக்குத் தகவல் மட்டும். எண்ணெய்க்கடை மேசைக்கு ஒன்றுமே இல்லை. இன்னொரு மேசைக்காரர்களைக் காலையிலேயே வரவழைத்து அதே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடப் பழக்கியிருந்தாள்; அவர்களுக்கு உறை இல்லை. பேக்கரிக்காரர் மேசைக்கு இரண்டும் கிடைத்திருந்தன. “இவங்க கிட்டயும் அக்காவுக்குக் குடுத்த அதே கட்டு உறைதான் இருந்துச்சு,” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். “பாதை நிலவரத்த மட்டும் பிரிச்சாங்க. மத்தத தொடவே இல்ல. எதப் பிரிக்கத் தேவையில்லைங்கிறது பழகுனவங்களுக்குத்தான் தெரியும்.” அடுத்த சனிக்கிழமை பேக்கரிக்காரர் மேசைக்குப் பெரிய நட்டம் வந்தது. அன்றைக்கும் பிஸ்கட்டை அவர்களுக்கே கொடுத்தாள். எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

‘அப்ப என்ன தெரிஞ்சிருந்துச்சு?’ இந்தக் கேள்வியை அவள் எதற்கும் கேட்பாள். வகுப்பு இல்லாத நாட்களில் எங்கள் கடைக்கு வந்து கல்லாப் பக்கத்து ஸ்டூலில் உட்காருவாள். ஒருநாள் என் கணவர், விலை ஏறுவதற்கு முன்பே சீனி வாங்கி அடுக்கிய கதையை அவளிடம் பெருமையாகச் சொன்னார்.

“என்ன தெரிஞ்சு வாங்குனீங்க அண்ணே?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கடையில எடம் சும்மா கெடந்துச்சு. வாங்குனேன்.”

“அப்ப கெட்டித்தனம் ஒங்களோடது இல்ல, அந்த எடத்தோடது.”

என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றையிலிருந்து அவள் வந்தால் அவரே இஞ்சி போட்டுப் பிளேன்டீ கொண்டுவந்து வைப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்து முடிந்து, நல்லபடியாகப் போய்விட்ட ஒன்றைப் பிடித்து இழுத்து, அது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்று காட்டுகிறவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பது யாருக்குத்தான் பிடிக்கும்? அவள் போன பிறகு, நான் எடுத்த முடிவுகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். ஒன்றிலாவது எனக்கு ஏதாவது தெரிந்திருந்ததா என்று தேடுவேன்.

அவளுடைய வேறு சில பழக்கங்களும் என்னை நிம்மதியாக இருக்க விட்டதில்லை. எந்த அறைக்குள் வந்தாலும் மலை தெரிகிற பக்கத்துக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள். கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். எங்கள் வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக மண்மேடு. முதன்முதலில் வீட்டுக்குள் வந்தவள் சாமிப் படத்தைப் பார்க்கவில்லை, குடும்பப் படத்தைப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக் குசினிக்குள் போனாள்.

“அக்கா, இந்தப் பின்கதவு தெறக்குமா?”

“ஏன், தெறக்காம? அரிசி மூட்டை வந்துச்சுன்னா எடமில்லாம இதுல அடுக்குறது.”

அவள் கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுக்க ஆரம்பித்தாள். நான் தடுத்தும் கேட்கவில்லை. தர்ஷினியும் போய்க் கூடப் பிடித்தாள். கடைசி மூட்டையை நகர்த்திக் கதவைத் திறந்து, வெளியே இறங்கிப் பக்கத்து ஒழுங்கைச் சந்துவரை நடந்து பார்த்துவிட்டு வந்த பிறகுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் திறந்த கதவையே பார்த்துக்கொண்டு தேநீரைக் குடித்தாள்.

அவள் தன்னைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். ஒரு வகுப்பின் இடைவேளையில், மண்டபத்து ஜன்னலோரம் நின்றுகொண்டு, அவ்வளவு பழக்கம் எதற்கு, தகவலை ஒழுங்காகக் கொடுத்தால் போதாதா என்று நான்தான் கேட்டேன்.

“எங்க லயத்துல மழை அளக்குற போத்தல் குடுத்திருந்தாங்க அக்கா. எந்த அளவுக்குத் தண்ணி ஏறுனா வெளிய போகணும்னு செவப்புக் கோடு போட்டு, எல்லாருக்கும் விளங்கப்படுத்தி, கூட்டம் வச்சு, பிஸ்கட்டும் குடுத்தாங்க. சின்னப் புள்ளைங்களுக்குக்கூட அந்தக் கோடு தெரியும்.”

“பிறகு?”

“கோட்டுக்கு மேல ஏறுச்சு. எல்லாரும் பாத்தாங்க. எல்லாரும் வாசலுக்கு வந்து நின்னாங்க. எந்தப் பக்கம் போறதுன்னு யாரும் அதுக்கு முந்தி ஒருநாளும் நடந்து பாத்ததில்ல. யாரு மொதல்ல எறங்குறதுன்னு பாத்துக்கிட்டே நின்னாங்க. மேல இருந்த மண்ணு நிக்கல.” ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த நீர்த்துளிகளை விரலால் வழித்துவிட்டாள். “நான் அன்னைக்கு டவுன் ஸ்கூல்ல இருந்தேன்.”

அலாரத்தை முறுக்கிக்கொண்டு, “பெரட்டு, பெரட்டு, வாங்க எல்லாரும்,” என்று கைதட்டி உள்ளே போனாள். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிறதற்குப் பெரட்டு என்று பெயர். அவள் தன்னுடைய பழக்கச் சுற்றுகளுக்கும் அதே பெயரை வைத்திருந்தாள்.

தர்ஷினி அவளோடு ஒட்டிக்கொண்டாள். ‘அக்கா அக்கா’ என்று பின்னாலேயே சுற்றுவாள். இரண்டு பேரும் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, இந்த பஸ் வராவிட்டால் என்ன செய்வது, அந்தப் பாதை மூடினால் எதில் போவது என்று விளையாடுவார்கள். ஒரு தடவை மழையில் நனைந்து வந்து நின்றார்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டால், பஸ் இல்லாவிட்டால் ஹாலிஎலவுக்கு நடக்க முடியுமா என்று நடந்து பார்த்தார்களாம். “பைத்தியமா ரெண்டு பேருக்கும்?” என்று கத்தினேன். “இப்பத்தான் அக்கா நடந்து பாக்கணும்,” என்றாள் அவள், தலையைத் துவட்டிக்கொண்டே. “தேவைப்படுற அன்னைக்கு நேரம் இருக்காது.”

அந்த நிறுவனத்தின் பயிற்சித் திட்டம் முடிந்ததும் அவளும் போய்விட்டாள். வெளிநாட்டில் படிப்பு என்றார்கள். போகிற அன்று எங்கள் கடைக்கு வந்து பிளேன்டீ குடித்துவிட்டு, குசினிக்குள் போய்ப் பின்கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தாள். கொஞ்ச நாள் தர்ஷினிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. தீபாவளிச் சரக்கு வந்தபோது மூட்டைகள் மறுபடி குசினிக்குள் ஏறின.

இனிப் போன மழைக்காலத்தைச் சொல்ல வேண்டும்.

தர்ஷினி இப்போது ஹல்துமுல்லைப் பக்கம் தேயிலை பொதி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். வார நாட்களில் அங்கேயே தங்கல். வார இறுதியில் கம்பெனி வேனில் பதுளைக்கு வருவாள். அந்த வாரம் மழை நிற்கவே இல்லை. என் போன் விடியற்காலையிலிருந்து துடித்துக்கொண்டே இருந்தது. சொந்தக்காரர் குழு, தெருக் குழு, பழைய பள்ளிக்கூடத்துக் குழு. ஒருவர் பாதை மத்தியானத்துக்குள் மூடப்படும் என்றார். ஒருவர் மூடியாகிவிட்டது என்றார். ஒருவர் அனுப்பிய படம் எந்த ஊர், எந்த வருடம் என்றுகூடத் தெரியவில்லை. நான் ஒன்றையும் விடாமல் பார்த்தேன். மஞ்சள் உறைகளை அடுக்கிய அதே மாதிரி.

மகளைக் கூப்பிட்டேன்.

“தர்ஷி, வேன் வருதாம். எல்லாரும் ஏறுறாங்களாம். நீயும் ஏறி வந்துரு.”

“யாரும்மா சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க. குரூப்புல போட்டிருக்கு.”

“பெரகலைக்கு மேல ரோடு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொன்னாங்களா?”

“பாக்காமலா சொல்லுவாங்க? கேள்வி கேக்காத. அப்பா இங்க கத்துறாரு. ஏறு!”

“அம்மா, ஆபீசுக்குப் பின்னுக்கு தண்ணி சேறா வருது. நான் இங்க இருக்க மாட்டேன். வேன் கெளம்பப் போகுது, நான் இப்ப…”

இணைப்பு அறுந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும். பிறகு அந்தப் பக்கத்துப் போன் கோபுரம் எதுவுமே வேலை செய்யவில்லை.

பின்னேரம் செய்தி வந்தது. வேன் வருகிற பாதையில், பெரகலைக்கு மேலே ஒரு வளைவில் மண்சரிவு. வாகனங்கள் அகப்பட்டிருக்கின்றன. எத்தனை, எவை என்று தெரியாது. என் கணவர் கடைக் கதவுகளை இறக்கினார். கூடப் பிறந்தவர் இறந்த அன்றைக்குக்கூட ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தவர். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ‘ஏறு’ என்று நான் சொன்ன சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. டின் மூடியாகிவிட்டது, காகிதம் உள்ளே இருக்கிறது, அது என் கையெழுத்து. அதைத் தவிர வேறொன்றும் எனக்குள் ஓடவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வேன் சாரதி கடை வாசலில் வந்து நின்றார். முழங்கால்வரை சேறு. அவரைக் கண்டதும் என் கணவர் ஓடிப்போய் அவர் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“பாப்பா ஏறலீங்க முதலாளி,” என்றார் அவர். “நாங்க எல்லாம் கத்திக் கூப்புட்டோம். மேட்டு ஸ்கூலுக்குப் போறேன்னு குடையப் புடிச்சுக்கிட்டு நடந்துருச்சு.”

“மத்தவங்க?”

“எல்லாரும் வந்தாச்சு. வளைவத் தாண்டுனோம். பின்னுக்கு வந்த லொறியோட வெளிச்சத்தக் காணோம். திரும்பிப் பாத்தா ரோடே இல்ல.”

வேனில் அவள் இல்லை என்ற நிம்மதி ஒரு மூச்சு அளவுதான் இருந்தது. வேனில் வந்தவர்கள் எல்லோரும் வீட்டில். என் மகள் மட்டும் அறுந்த பாதைக்கு அந்தப் பக்கம். வந்து பார்த்த ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். “கூட ஏறியிருந்தா இந்நேரம் வீட்டுல சோறு சாப்பிட்டுக்கிட்டு இருக்கும் புள்ள.” எண்ணெய்க்கடை முதலாளி, இப்போது வயதாகித் தடி ஊன்றி நடக்கிறவர், வந்து என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாட்கள் அப்படிப் போயின. அந்த இரண்டு நாட்களில் அந்த மிஸ்ஸை நான் சபித்த சாபம் எனக்குத்தான் தெரியும். அவள் பழக்காமல் இருந்திருந்தால் என் பிள்ளை எல்லோரையும்போல வேனில் ஏறியிருக்கும்.

மூன்றாம் நாள் யாரோ ஒருவருடைய போனிலிருந்து தர்ஷினியின் குரல் வந்தது. உயிரோடு இருந்தாள். வேன் கிளம்பிக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அலுவலகத்துப் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு மண் உள்ளே வந்திருக்கிறது. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பக்கத்து லயத்துச் சனங்களும் கூட இருந்தார்கள்.

பாதை திறந்து வீட்டுக்கு வந்தவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது.

“வேன்ல வந்தவங்க எல்லாம் அன்னைக்கே வந்துட்டாங்கடி! நீ மட்டும் எங்கள உசிரோட கொன்னுட்ட!”

“வந்துட்டாங்க,” என்றாள். “பின்னுக்கு வந்த லொறி வரல.”

தோளிலிருந்த பையை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

“என்னைய ஏறச் சொன்னப்ப ஒங்களுக்கு என்னம்மா தெரிஞ்சிருந்துச்சு?”

குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். அந்தச் சனிக்கிழமைக் குரல். எல்லோரும் ஏறுகிறார்கள் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. முனைக் கடை விலை சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

“லயத்து ஆளுங்களும் அப்பிடித்தாம்மா,” என்றாள். “மூட்டை கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க. யாரு மொதல்ல எறங்குறதுன்னு பாத்துக்கிட்டு. நம்ம தெரு மாதிரியே. நான் வாங்கன்னு சொல்லிட்டு நடந்தேன். திரும்பிப் பாத்தா எல்லாரும் பின்னால வர்றாங்க.”

“ஸ்கூலுக்குப் போற வழி ஒனக்கு எப்படித் தெரியும்?”

“வெயில் நாள்ல லஞ்ச் நேரத்துல நடந்து பாத்திருக்கேன். ரெண்டு மூணு தடவ.”

“சரி, நல்ல புத்தி,” என்றேன். “ஒன் முடிவுதான் சரியாப்போச்சு.”

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். “அப்பிடிச் சொல்லாதீங்கம்மா. அந்த மேட்டுல வெடிப்பு விட்டிருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. நடந்து பழகுன வழி, பக்கத்துல எடம், மேல மண்ணு இல்ல. அவ்வளவுதான் தெரியும். அது சரிஞ்சிருந்தாலும் அன்னைக்கு நான் அங்கதான் போயிருப்பேன். அந்தச் சனங்களையும் கூட்டிக்கிட்டு.”

சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவப் போனாள். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தப்பியதில் எனக்கு மிஞ்சியிருந்த ஆறுதலையும் அந்தப் பிஸ்கட் பக்கெட்டைப் போலத் தூக்கி வேறு மேசையில் வைத்துவிட்டாள். சீட்டு வேறு மாதிரி வந்திருக்கலாம். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே நடந்திருக்கிறாள். லயத்தைப் பற்றிச் சொன்ன அன்று அந்த ஜன்னலோரத்தில் நின்றவளும் இதைத்தான் சுமந்துகொண்டு திரிந்தாள் போலிருக்கிறது. சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பயத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

தர்ஷினி வேறொரு கட்டடத்தில் அதே வேலைக்குத் திரும்பிவிட்டாள். வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சொன்னோம். வேலையை விட்டு வீட்டில் இருந்தால் மழை பெய்யாதா என்று கேட்டாள்.

இன்று மத்தியானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. குழுக்களில் செய்தி வரத் தொடங்கியது. நான் போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. ‘வா’ என்றால் பாதை, ‘இரு’ என்றால் மலை. அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

“அம்மா, இங்க மழை இன்னும் கூடல. புது எடத்துலருந்து ஸ்கூலுக்கு எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு இப்ப ஒருக்கா நடந்து பாக்கப் போறேன். போன் எடுக்கலன்னா பயப்படாதீங்க.”

“கவனம்டி,” என்றேன்.

“அங்க எப்படி? பின் மேட்டுல தண்ணி வருதா?”

“கொஞ்சம்.”

“பின்கதவு தெறக்குமாம்மா?”

“தெறக்கும்,” என்றேன்.

போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். மூட்டைகள் என் மார்பளவு உயரத்துக்கு இருந்தன. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்தேன். கடைப் பக்கமிருந்து, “அங்க என்னா சத்தம்?” என்று கணவர் கேட்டார். அடுத்த மூட்டையைப் பிடித்தேன். தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. கடைசி மூட்டையை நகர்த்திவிட்டுத் தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் தள்ளினேன்.

ஈரத்தில் ஊதிப்போன பலகை. அது அசையவில்லை.

“இங்க வாங்க,” என்று கத்தினேன். “கடைய விட்டுட்டு வாங்க. வந்து ஒரு கை குடுங்க.” அவர் வருவதற்குள் தோளைக் கொடுத்து மறுபடி தள்ளினேன்.